ஒமாஹா டவுன்டவுன்: கோபுரம் எழுந்தால் ஊர் எழுமா?

கேள்வி, 2025 ஜனவரி 11

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒமாஹாவில் வேலை கிடைத்திருக்கிறது. 44 மாடிக் கோபுரம் எழும்புகிறது, ட்ராம் வருகிறது, ஆற்றங்கரைப் பூங்காவைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இன்னும் ஐந்து வருடத்தில் விலை எங்கேயோ போய்விடுமாம். டவுன்டவுனிலேயே ஒரு வீடு வாங்கிவிடலாமா?

ஜனவரி 12, காலை

தம்பி, முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம். நான் ஓல்ட் மார்க்கெட் பக்கம் பல வருடமாகக் குடியிருக்கிறேன். இந்த டவுன்டவுன் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் சொல்கிறேன்: கோபுரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது மியூச்சுவல் ஆஃப் ஒமாஹா என்ற ஒரு காப்பீட்டுக் கம்பெனி தன் தலைமையகத்துக்காக எடுத்த முடிவு. இந்த ஊர் முன்பே ஒரு கம்பெனியை நம்பிப் பெரிதாக இழந்திருக்கிறது. வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

ஜனவரி 12, இரவு

பத்தாம் தெருவுக்குக் கிழக்கே, மிசௌரி ஆற்றை ஒட்டி, ஜாபர்ஸ் கேன்யன் என்று ஒரு பகுதி இருந்தது. ரயிலில் வந்திறங்கும் சரக்கை மொத்தமாக வாங்கி, மேற்கே உள்ள சிற்றூர்க் கடைகளுக்கு அனுப்பிய வியாபாரிகளின் கிடங்குகள் அங்கே இருந்தன. எல்லாம் செங்கல் கட்டடம். இரண்டு பக்கமும் உயரமான சுவர்கள் நின்றதால் தெருவே ஒரு பள்ளத்தாக்காகத் தெரியும். பெயரும் அப்படித்தான் வந்தது. 1986-இல் அதைத் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள். 1989-இல் 24 கட்டடங்களும் தரைமட்டம். அந்தப் பதிவேட்டில் இடம்பெற்று, பிறகு இடிக்கப்பட்ட வரலாற்றுப் பகுதிகளில் நாட்டிலேயே பெரியது இதுதான்.

அந்த இடத்தைக் கேட்டது கான்அக்ரா, உணவுப்பொருள் நிறுவனம். தலைமையகத்துக்கு ஆற்றோரம் இடம் வேண்டும், கிடைக்காவிட்டால் வேறு ஊர் பார்ப்போம் என்றது. 1987-இல் மாநிலம் பெரிய வரிச்சலுகைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது, நகரம் இடத்தைக் காலி செய்து கொடுத்தது. கிடங்குகள் இருந்த இடத்தில் புறநகர் அலுவலகம் போலத் தாழ்வான கட்டடங்களும் புல்வெளியும் கார் நிறுத்தமும் வந்தன.

2015 அக்டோபரில் அதே நிறுவனம் தலைமையகத்தைச் சிகாகோவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. அடுத்த வருடம் போயும் விட்டது. அங்கே அது குடியேறிய இடம் மெர்ச்சண்டைஸ் மார்ட், மொத்த வியாபாரத்துக்காக 1930-இல் திறந்த பிரம்மாண்டமான பழைய கட்டடம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஒமாஹாவில் அதே வகைக் கட்டடங்களை இடித்துத்தான் அவர்களுக்கு இடம் கொடுத்தோம்.

ஜனவரி 14

லிங்கனில் இருக்கும் அண்ணா கேட்கிறார்: "அன்றைக்கு இடம் கொடுக்காமல் இருந்திருந்தால் கம்பெனி 1988-லேயே போயிருக்கும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சம்பளம் கிடைத்ததே, அது கணக்கில் வராதா?"

வரும் அண்ணா. அந்தச் சம்பளத்தில் வீடு கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் கேள்வி வேறு. வேலை போன பிறகு இடத்தில் என்ன மிஞ்சியது? ஒரே நிறுவனத்துக்காக, அதன் வசதிக்கு மட்டும் வடிவமைத்த நிலம் அது. அது போனதும் வேறு யாருக்கும் அப்படியே பயன்படவில்லை. மறுபடி இடித்து, தெருக்களை மறுபடி போட்டு, குடியிருப்பாக மாற்றவேண்டி வந்தது.

பத்தாம் தெருவைத் தாண்டி மேற்கே வாருங்கள். ஓல்ட் மார்க்கெட். அதே காலத்துச் செங்கல், அதே வகைக் கிடங்குகள். 1960-களின் கடைசியில் காய்கனி மொத்த வியாபாரம் மங்கியபோது மெர்சர் குடும்பம் அங்கே இருந்த தங்கள் கட்டடங்களைக் கலைஞர்களுக்கும் சிறு கடைகளுக்கும் விட ஆரம்பித்தது. 1969-இல் ஃபிரெஞ்சு கஃபே வந்தது. இன்றைக்கு வெளியூர் விருந்தாளி யார் வந்தாலும் நாம் கூட்டிப்போவது அங்கேதான்.

ஜனவரி 15

நேற்று எழுதியதில் ஒன்றைக் கூட்ட வேண்டும். பல முதலாளிகள் இருந்ததால்தான் ஓல்ட் மார்க்கெட் பிழைத்தது என்று சிலர் சொல்வார்கள், அது அவ்வளவு சரியில்லை. மெர்சர் குடும்பத்திடமே நிறைய கட்டடங்கள் இருந்தன. நான் பார்த்தவரை விஷயம் கதவுகளில்தான் இருக்கிறது. ஒரு பிளாக்கில் தெருவைப் பார்த்து எத்தனை கதவு திறக்கிறது? ஓல்ட் மார்க்கெட்டில் பத்தடிக்கு ஒன்று. ஒருவர் கடையை மூடினால் பக்கத்துக் கடை திறந்திருக்கும். 2016 ஜனவரியில் எரிவாயு வெடித்து ஒரு கட்டடமே பற்றி எரிந்தது. கடுங்குளிரில் தண்ணீர் பீய்ச்சி, சுவரெல்லாம் பனிக்கட்டி. அதைப் பிறகு திரும்பக் கட்டினார்கள். அந்த இடைவெளியில் சந்தை படுத்துவிடவில்லை. கான்அக்ரா வளாகம் ஒரே கதவு. அதை மூடியதும் எல்லாம் மூடியாயிற்று.

ஜனவரி 25

குளிர் எப்படி என்று தம்பி கேட்கிறார். ஆற்றிலிருந்து காற்று வரும் நாளில் மூன்று பிளாக் நடப்பது பெரிய காரியம். நல்ல பூட்ஸ் வாங்குங்கள். டவுன்டவுனில் மளிகைக்குச் சின்னக் கடைதான், நம் ஊர்ச் சாமானுக்கு மேற்கே காரில் போக வேண்டும். கார் இல்லாமல் இருக்கலாம் என்ற நினைப்பு இருந்தால் இப்போதைக்கு வேண்டாம்.

ஜனவரி 27

"குளிருக்குக் கண்ணாடிப் பாலம் கட்டி எல்லாக் கட்டடத்தையும் இணைத்துவிட்டால் என்ன, டெ மொய்னில் இருக்கிறதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

பக்கத்து மாநிலமான அயோவாவின் தலைநகர் டெ மொய்ன் இரண்டு மணி நேரத்துக் கார்ப் பயணம், வேலைக்காக அடிக்கடி போயிருக்கிறேன். 1982-இல் தொடங்கிய ஸ்கைவாக் ஏறத்தாழ 4 மைலுக்கு நீண்டிருக்கிறது. ஜனவரியில் கோட்டே இல்லாமல் ஓட்டலிலிருந்து அலுவலகம் போய்விடலாம், சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் மதியச் சாப்பாட்டுக் கடைகள் இரண்டாம் மாடிக்கு ஏறிவிட்டன. அலுவலகம் முடியும்போது அவையும் மூடும். கீழே தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் இருண்ட கண்ணாடியும் கார் நிறுத்தத்தின் வாயும்தான். வீட்டிலிருந்து வேலை பழகிய பிறகு மாடியிலும் கூட்டம் குறைந்துவிட்டது. 2022-இல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி தன் டவுன்டவுன் ஊழியர்களை வெஸ்ட் டெ மொய்னில் உள்ள வளாகத்துக்கு மாற்றுவதாக அறிவித்தது. அப்போது அந்த மாடிக் கடைக்காரர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஒமாஹா அந்த வழியில் போகாதது நல்லது.

டெ மொய்னில் உயிரோடு இருப்பது கோர்ட் அவென்யூவும் ஈஸ்ட் வில்லேஜும். சனிக்கிழமை உழவர் சந்தையில் போய் நின்று பாருங்கள். 1976-இலிருந்து நடக்கிறது. எல்லாம் தரையில்.

பிப்ரவரி 8

நூலகத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். புதிய கோபுரம் நிற்கும் இடம் காலி மனை அல்ல. ஃபார்னமுக்கும் டக்ளஸுக்கும் நடுவே, 1976-இல் திறந்த டபிள்யூ. டேல் கிளார்க் நூலகம், ஊரின் மைய நூலகம், அங்கேதான் இருந்தது. 2022-இல் இடித்தார்கள்.

அழகான கட்டடம் என்று சொல்லமாட்டேன். வெளியே கனத்த கான்கிரீட், உள்ளே மங்கலான வெளிச்சம். ஆனால் டவுன்டவுனில் காசு கொடுக்காமல் உட்காரக்கூடிய பெரிய இடம் அது ஒன்றுதான். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், வேலை தேடி விண்ணப்பம் நிரப்புபவர்கள், வீடில்லாதவர்கள், கதை கேட்கும் குழந்தைகள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். என் மகளுக்கு முதல் நூலக அட்டை வாங்கியது அங்கேதான். ஊருக்கு வந்த புதிதில், ஆள் பழக்கம் இல்லாத குளிர்காலத்தில், நானும் சனிக்கிழமைகளை அங்கே கழித்திருக்கிறேன். மாற்றாக ஜோன்ஸ் தெருவில் சின்னக் கிளை ஒன்று 2023-இல் திறந்தது. புதிய மைய நூலகம் மேற்கே 72-ஆம் தெருவும் டாட்ஜும் சந்திக்கும் இடத்தில் எழுகிறது. ஊரின் நடுப்பகுதி இப்போது அதுதான் என்பது நகரத்தின் வாதம். மக்கள்தொகை மேற்கே நகர்ந்துவிட்டதால் அதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் ஒரு பக்கம் டவுன்டவுனுக்கு உயிரூட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டே, எல்லாரும் உள்ளே வரக்கூடிய அந்தக் கட்டடத்தை எடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுபடியும் டெ மொய்னைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் அவர்கள் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் டேவிட் சிப்பர்ஃபீல்டைக் கொண்டு டவுன்டவுனிலேயே புதிய மைய நூலகம் கட்டினார்கள். கண்ணாடிக்குள் செப்பு வலை வைத்த சுவர், உள்ளிருந்து பார்த்தால் தெரு முழுவதும் தெரியும். ஆற்றங்கரையில் 1903-இல் கட்டிய பழைய நூலகத்தையும் இடிக்கவில்லை. புதுப்பித்து 2011-இல் உலக உணவுப் பரிசு மண்டபமாகத் திறந்தார்கள். வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் ஏற்படுத்திய அந்தப் பரிசை 1987-இல் முதன்முதலில் பெற்றவர் நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். அந்தப் பக்கம் போனால் உள்ளே போய்ப் பாருங்கள்.

பிப்ரவரி 9

"கோபுரம் வந்தால் ஆயிரக்கணக்கில் வேலை வருமே" என்பவருக்கு: மியூச்சுவல் ஆஃப் ஒமாஹா 1909-இலிருந்து இந்த ஊர்க் கம்பெனிதான். ஏற்கெனவே இங்கே இருக்கும் ஊழியர்கள் மிட்டவுன் பகுதியில் உள்ள பழைய தலைமையகத்திலிருந்து சுமார் ஒன்றரை மைல் கிழக்கே மாறுகிறார்கள், அவ்வளவுதான். டவுன்டவுனுக்குக் கிடைப்பது மிட்டவுனிலிருந்து போவது. அங்கே மிட்டவுன் கிராசிங் வளாகத்தில் கடை வைத்திருப்பவர் மதியம் யாருக்குச் சமைப்பார் என்று நகர மன்றத்தில் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 9, இரவு

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கான்அக்ராவோடு இதை அப்படியே ஒப்பிட முடியாது. மியூச்சுவல் பாலிசிதாரர்களுக்குச் சொந்தமான நிறுவனம். பங்குச்சந்தையில் பங்கு வாங்கிப் பிடித்து, தலைமையகத்தைப் பெயர்த்துக்கொண்டு போவது அங்கே எளிதில்லை. ஊரைவிட்டுப் போகும் பயம் எனக்குப் பெரிதாக இல்லை. என் பயமெல்லாம் தரைத்தளத்தைப் பற்றி. 677 அடி உயரக் கட்டடம், மாநிலத்திலேயே உயரமானது. அதுவரை முதலிடம் 2002-இல் கட்டிய 634 அடி ஃபர்ஸ்ட் நேஷனல் கோபுரத்துக்கு. அந்தக் கோபுரத்தைச் சுற்றி மாலை ஆறு மணிக்கு மேல் நடந்து பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும்.

மார்ச் 16

புதிய கட்டடங்களுக்கு நகரம் கொடுக்கும் டிஃப் (TIF) என்ற வரி உதவி என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

ஒரு மனையின் மதிப்பு இன்று 10 லட்சம் டாலர் என்று வையுங்கள். அதற்கான சொத்துவரி பள்ளி, நகரம், கவுண்டி என்று பிரிந்து போகிறது. பெரிய பங்கு பள்ளிக்கு. அங்கே ஒருவர் அடுக்குமாடி கட்டுகிறார், மதிப்பு 1 கோடியாகிறது. வரியும் ஏறும். ஆனால் பழைய 10 லட்சத்துக்கான வரி மட்டும் வழக்கம்போலப் பிரியும். கூடுதலாக வருவது, நெப்ராஸ்காவில் வழக்கமாக 15 வருடம் வரை, அந்தத் திட்டத்துக்கு வாங்கிய கடனை அடைக்கப் போகும். இதற்கு முதலில் அந்த இடத்தைச் சீர்கெட்ட பகுதி என்று அறிவிக்க வேண்டும். மிகவும் சீர்கெட்ட பகுதி என்றால் 20 வருடம் வரை நீட்டலாம், 2020-இல் வாக்காளர்கள் அதற்கு அனுமதி கொடுத்தார்கள்.

கட்டுபவர் சொல்வது: இந்த உதவி இல்லாவிட்டால் கட்டடமே வராது, கூடுதல் வரியும் வந்திருக்காது. சில இடங்களில் அது உண்மை. கூரை ஒழுகும் நூறு வருடக் கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்ற வங்கிக் கடன் மட்டும் போதாது. 1906-இல் கட்டிய பிராண்டைஸ் கடைக் கட்டடம் இன்று குடியிருப்பாக நிற்கிறது. அப்படிப்பட்ட வேலைக்கு நான் கைதூக்குவேன். நல்ல விலை போகும் இடத்தில், எப்படியும் யாராவது கட்டியிருக்கக்கூடிய மனைக்குக் கொடுக்கும்போதுதான் கோபம் வருகிறது. அதுவரை அந்த 15 வருடத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கு யார் ஈடு கட்டுவது?

மார்ச் 17

ட்ராமுக்கும் டிஃப் பணம்தானா என்று கேட்டவருக்கு: ஆமாம், அதற்கும் இதே வழிதான். பாதைக்கு இருபுறமும் உள்ள சில பிளாக்குகளில் இனி ஏறும் சொத்துமதிப்பின் வரியை வைத்துக் கடன் பத்திரத்தை அடைப்பது என்பது திட்டம். ட்ராம் வரும் என்று நம்பிக் கட்டடம் வர வேண்டும், கட்டடம் வந்தால்தான் ட்ராமுக்குப் பணம்.

ஏப்ரல் 5

ட்ராம் பற்றிக் கூச்சல் அதிகமாகிவிட்டதால் என் நிலையைத் தெளிவாக எழுதுகிறேன். எனக்கு ட்ராம் வேண்டும்.

2022 ஜனவரியில் அறிவித்தபோது 30.6 கோடி டாலர் என்றார்கள், பிறகு 38.9 கோடி ஆனது. ஃபார்னம், ஹார்னி தெருக்கள் வழியாக மிட்டவுனையும் டவுன்டவுனையும் இணைக்கும் சுமார் 3 மைல் பாதை. தெருவுக்கு அடியில் பழைய தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், கேபிள் எல்லாம் கிடக்கின்றன. தண்டவாளத்துக்குக் கீழே அவற்றை விட்டுவைத்தால் ஒவ்வொரு முறை குழாய் உடையும்போதும் வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும். அதனால் நகர்த்த வேண்டும். ஐ-480 நெடுஞ்சாலைக்கு மேலே உள்ள பாலங்களையும் மாற்ற வேண்டும். பெட்டியும் தண்டவாளமும் கண்ணுக்குத் தெரியும், செலவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஏறுகிறது.

எதிர்ப்பவர்கள் ஆர்பட் பஸ்ஸைக் காட்டுகிறார்கள். 2020 நவம்பரில் டாட்ஜ் தெருவில் வந்த விரைவுப் பஸ், செலவு இதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். நான் வேலைக்கு அதில்தான் போகிறேன், நல்ல சேவை. ஆனால் நான் பார்த்தவரை பஸ் நிறுத்தத்தை நம்பி யாரும் பக்கத்து மனையில் கட்டடம் போடவில்லை. தண்டவாளம் பதித்தால் அடுத்த மேயர் பிடுங்கமாட்டார் என்று முதலீட்டாளர் நம்புகிறார். கான்சஸ் சிட்டியில் 2016 மே மாதம் 2.2 மைலோடு தொடங்கினார்கள், டிக்கெட் இல்லை. மக்கள் ஏறினார்கள், தெற்கே நீட்டும் வேலையையும் தொடங்கினார்கள். சின்சினாட்டியில் அதே வருடம் செப்டம்பரில் தொடங்கியதும் தள்ளாடியது, 2020-இல் கட்டணத்தை எடுத்தபிறகு கூட்டம் வந்தது. ஒமாஹாவும் இலவசம் என்றுதான் சொல்லியிருக்கிறது, அதில் உறுதியாக நிற்க வேண்டும்.

இடையில் ஒரு தகவல்: சென்னையில் ட்ராம் நின்றது 1953, ஒமாஹாவில் 1955. இரண்டு ஊரிலும் பஸ் வந்து அதன் இடத்தைப் பிடித்தது.

ஏப்ரல் 6

வேண்டும் என்று சொன்னதற்கு நிபந்தனையும் உண்டு, அதை எழுதாமல் தூங்கப் பிடிக்கவில்லை. பாதையோரம் வரும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் டிஃப் கொடுக்கும்போது, தெருவைப் பார்த்துச் சிறு கடைகளுக்கு இடம் விடு, கார் நிறுத்தத்தைப் பின்னால் தள்ளு என்று நகரம் எழுதி வாங்க வேண்டும். பணத்தைக் கொடுக்கும் நேரத்தில்தான் நிபந்தனை போட முடியும். கட்டி முடித்தபிறகு யாரும் கேட்கமாட்டார்கள். சிவிக் ஆடிட்டோரியத்தை 2016-இல் இடித்தார்கள், அந்தப் பெரிய இடம் வருடக்கணக்கில் காலியாகக் கிடந்தது. ஒரே ஆளிடம் மொத்தமாகக் கொடுக்கக் காத்திருந்ததற்குப் பதில், தெருக்களைத் திரும்பப் போட்டு, சிறு மனைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக விற்றிருக்கலாம். இப்போதும் அதுதான் என் வேண்டுகோள். நகர மன்றம் செவ்வாய்க்கிழமை மதியம் 2 மணிக்குக் கூடும். பொதுமக்கள் பேசலாம். இந்த ஊரில் வரி கட்டும் தமிழர்கள் இத்தனை பேர் இருக்கிறோம், நாலு பேராவது வாருங்கள்.

மே 14

நேற்றைய தேர்தலில் மேயர் மாறிவிட்டார். 2013-இலிருந்து இருந்த ஜீன் ஸ்டாதர்ட் தோற்று, ஜான் யூயிங் வென்றார். ஒமாஹா தேர்ந்தெடுத்த முதல் கறுப்பின மேயர். "அப்போ ட்ராம் அவ்வளவுதானா?" என்று காலையிலிருந்து கேட்கிறார்கள். ஒப்பந்தங்கள் ஏற்கெனவே போட்டாயிற்று, பாதியில் நிறுத்தினாலும் செலவு செலவுதான். புதியவரிடம் நான் எதிர்பார்ப்பது மேலே சொன்ன நிபந்தனைகள்தான்.

ஜூன் 15

கல்லூரி பேஸ்பால் அணிகளின் இறுதிப் போட்டியான காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் தொடங்கிவிட்டது. 1950-இலிருந்து இந்த ஊரில்தான் நடக்கிறது, 2011-இலிருந்து டவுன்டவுன் மைதானத்தில். தெருவெல்லாம் ஜனம், விடுதியில் அறை கிடைக்காது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஜூலையில் அதே மைதானத்தைச் சுற்றி நடந்து பாருங்கள், தார் போட்ட கார் நிறுத்தம் ஏக்கர் கணக்கில் வெறுமையாகக் கிடக்கும். வருடத்தில் சில வாரத்துக்காக இவ்வளவு நிலம்.

இதற்கு நேர்மாறு ஜீன் லேஹி மால் பூங்கா. முன்பு தெருவைவிடத் தாழ்வாக, நடுவில் குளத்தோடு இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, சாயங்காலம் இறங்க யோசிப்போம். குளத்தை மூடி, தெரு மட்டத்துக்கு உயர்த்தி 2022 ஜூலையில் திறந்தார்கள். ஆற்றங்கரைவரை சேர்த்து மொத்தம் 72 ஏக்கர், பெரும்பகுதி நன்கொடைப் பணம். பூங்கா திட்டம் வந்தபோது ஊரே ஒரே குரலில் கேட்டது சறுக்குமரத்தைத்தான்: எடுத்துவிடாதீர்கள் என்று. எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம்கூட அங்கே குழந்தைகள் வரிசையில் நிற்கின்றன. எந்த விளையாட்டும் இல்லை, எந்த விழாவும் இல்லை. டவுன்டவுன் நன்றாக இருக்கிறதா என்று நான் பார்ப்பது அந்த மாதிரி நாளில்தான்.

ஜூன் 29

தம்பி வாடகைக்குத்தான் வருகிறாராம், நல்லது. எந்தத் தெரு என்று கேட்கிறார். மனைவிக்கும் நடந்து போய்வர வசதி வேண்டும் என்றால் ஹவர்ட், ஜாக்சன் தெருக்களைப் பாருங்கள். ட்ராம் வேலை முடியும்வரை ஃபார்னமும் ஹார்னியும் வேண்டாம், ஒரு பக்கம் தோண்டிய பள்ளம், ஒரு பக்கம் மாற்றுப்பாதைப் பலகை. வீட்டைப் பகலில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், ஓல்ட் மார்க்கெட்டில் வெள்ளி இரவு சத்தம் தாங்குமா என்று தெரிந்துவிடும். கார் நிறுத்தம் பல கட்டடங்களில் வாடகையோடு சேராது. மாதம் எவ்வளவு, கூரைக்கு உள்ளேயா வெளியேயா என்று கையெழுத்துக்கு முன்னால் எழுதி வாங்கிவிடுங்கள்.